கொழும்பில் குளூட்டன் பரிசோதனை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது

கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் கருமபீடத்தில் நின்று "குளூட்டன் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று கேட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சேவைகள் ஏறக்குறைய ஒரே பெயரில் முன்வைக்கப்படலாம். ஒன்று, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று அறிய வைத்தியர்கள் முதலில் எழுதிக்கொடுக்கும் ரி.ரி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எளிய இரத்தப் பரிசோதனை. மற்றது, "உணவுச் சகிப்பின்மைப் பரிசோதனை" என்ற பெயரில், நீண்டதொரு உணவுப் பட்டியலோடு வண்ண அறிக்கையாகக் கையில் கிடைக்கும் ஐ.ஜி.ஜி. தொகுதி. (ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.ஜி. என்பவை இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரிகளின், அதாவது அன்ரிபொடிகளின், வகைகள்.) இரண்டாவதற்கு முதலாவதைவிடப் பல மடங்கு பணம் அறவிடப்படுகிறது. பயனைப் பார்த்தால் கணக்குத் தலைகீழாக இருக்கிறது. எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஏறாத ஹீமோகுளோபினுக்கும், சாப்பிட்ட பின் வரும் வயிற்றுப் பொருமலுக்கும் காரணம் தேடி, இரத்தம் கொடுப்பதில் தொடங்கி எண்டோஸ்கோப்பி, உணவுப் பரீட்சை வரை இந்த வழி முழுவதையும் நான் நடந்து முடித்திருக்கிறேன். அதே கேள்வியோடு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர் அலைவதைக் காண்பதால், கிடைத்த சேவை ஒவ்வொன்றையும் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொல்லும்போது அதன் பின்னால் மூன்று வேறு நிலைகள் இருக்கலாம் என்பது தெரிந்திருந்தால்தான் பரிசோதனைகளின் விலையும் தரமும் புரியும். சீலியாக் நோயில், குளூட்டனுக்கு எதிராகக் கிளம்பும் நோயெதிர்ப்புத் தொகுதி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. துவாலையில் நிமிர்ந்து நிற்கும் நூல்களைப் போலச் சுவரெங்கும் நிற்க வேண்டிய சடைமுளைகள் மழுங்கிப்போக, இரும்பு, போலேற்று, கல்சியம் எதுவும் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. கோதுமை ஒவ்வாமை என்பது ஐ.ஜி.ஈ. என்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரி சார்ந்த வேறொரு கோளாறு. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் தோல் தடித்து, மூச்சு இரைத்து, சிலவேளை உயிராபத்து வரை கொண்டுபோகும். மூன்றாவது, இவ்விரண்டும் இல்லாமலேயே கோதுமை உண்டால் உபாதை தருகிற, சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன் எனப்படும் நிலை. இந்த மூன்றாவதை உறுதிசெய்ய இன்றுவரை உலகில் எங்கும் ஓர் இரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற இரண்டையும் விலக்கிவிட்டு, உணவை நிறுத்தியும் மீண்டும் கொடுத்தும் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். ஆகவே "உங்களுக்குக் குளூட்டன் உணர்திறன் இருக்கிறதா என்று ஒரே இரத்தத் துளியில் சொல்லிவிடுகிறோம்" என்று எவராவது விளம்பரம் செய்தால், அந்த விளம்பரத்தைக் கடந்து போய்விடலாம்.

நான் இரத்தம் கொடுத்த ஆய்வுகூடம் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. இருக்கைகள் குறைவு, மின்விசிறி ஒன்று, காலையில் வெறும் வயிற்றோடு சீனிப் பரிசோதனைக்கு வந்த முதியவர்களின் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. இருந்தும் அந்த இடத்தை நான் பிறருக்குப் பரிந்துரைப்பதற்குக் காரணம், ஊசியைக் கையில் எடுக்கும் முன் அங்கிருந்த பெண் கேட்ட ஒரு கேள்விதான். வைத்தியரின் துண்டைப் படித்துவிட்டு, "அக்கா, பாண், ரொட்டி எல்லாம் வழமைபோலத்தான் சாப்பிடுறீங்களா? விட்டிருந்தா இப்ப எடுத்துப் பிரயோசனம் இல்லை, டொக்டரிட்ட கேட்டிட்டு வாங்கோ" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆய்வுகூடம் எவ்வளவு குளிரூட்டப்பட்டிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ரி.ரி.ஜி. பரிசோதனை தேடுவது குளூட்டனை அல்ல, குளூட்டன் தூண்டிவிட்ட பிறபொருளெதிரிகளை. கோதுமையை நிறுத்தியவரின் இரத்தத்தில் அவை மெல்ல மெல்லக் குறைந்து மறைந்துவிடும். அப்போது நோய் இருந்தும் அறிக்கை "இல்லை" என்று வரும். பிரித்தானியாவின் நைஸ் அமைப்பின் வழிகாட்டி, பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரங்களாவது ஒவ்வொரு நாளும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவை உண்டிருக்க வேண்டும் என்கிறது. யாரோ சொன்னார்கள் என்று முதலில் பாணை விட்டு, உடல் சற்று இலேசானதும் "சரி, இப்போது உறுதிப்படுத்திக்கொள்வோம்" என்று ஆய்வுகூடத்துக்குப் போவதுதான் நம்மவரிடையே வழக்கமான ஒழுங்கு. அது தலைகீழான ஒழுங்கு. முதலில் இரத்தம், பிறகுதான் பத்தியம்.

வைத்தியரின் அந்தத் துண்டில் ரி.ரி.ஜி.யோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் எழுதப்பட்டிருந்தது. இதைக் கூடுதல் செலவு என்று சிலர் வெட்டிவிடுகிறார்கள். பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைந்தவர்களுக்கு ரி.ரி.ஜி. ஐ.ஜி.ஏ. என்றைக்கும் உயராது. சீலியாக் நோயாளரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இத்தகையவர்கள். மொத்த அளவு தெரிந்தால்தான் "இல்லை" என்ற விடையை நம்பலாமா, அல்லது ஐ.ஜி.ஜி. வகையிலான டி.ஜி.பி. போன்ற, சீலியாக்குக்கே உரிய மாற்றுப் பரிசோதனைக்குப் போக வேண்டுமா என்பது தெரியும். இரண்டையும் ஒன்றாகச் செய்துகொடுக்கிற, அறிக்கையில் தனித்தனியாக எல்லை மதிப்போடு அச்சிடுகிற ஆய்வுகூடத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லை மதிப்பு முக்கியம்; ஒவ்வோர் உற்பத்தியாளரின் பரிசோதனைப் பொதிக்கும் அலகும் எல்லையும் வேறு என்பதால், ஓர் இடத்து 15ஐ இன்னோர் இடத்து 15உடன் ஒப்பிட முடியாது. வைத்தியர்கள் பார்ப்பது எல்லையின் எத்தனை மடங்கு என்பதைத்தான். 2020இல் வெளியான ஐரோப்பியச் சிறுவர் குடலியல் சங்கத்தின் வழிகாட்டியில், எல்லையைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ ரி.ரி.ஜி. உள்ள, இரண்டாவது இரத்த மாதிரியில் ஈ.எம்.ஏ. என்ற இன்னொரு பிறபொருளெதிரிப் பரிசோதனையும் "இருக்கிறது" என்று காட்டும் பிள்ளைகளுக்கு எண்டோஸ்கோப்பி இல்லாமலேயே நோயை உறுதிசெய்யலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளையின் தொண்டைக்குள் குழாய் விடப் பயந்து பரிசோதனையையே தள்ளிப்போடும் பெற்றோர் இதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இனி அந்த வண்ண அறிக்கை. என் மச்சாள் வேறோர் இடத்தில் பெருந்தொகை கொடுத்து எடுத்த உணவுச் சகிப்பின்மை அறிக்கையை என்னிடம் காட்டினார். பளபளப்பான தாள்கள், ஒவ்வோர் உணவுக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். கோதுமை சிவப்பில் இருந்தது. அதோடு முட்டையும் பசுப்பாலும் சிவப்பு, தேங்காயும் உள்ளியும் மஞ்சள். அவர் அன்றாடம் உண்பவை எவையோ அவைதான் பட்டியலில் நிறம் மாறியிருந்தன, சாப்பிட்டே இராத குயினோவாவும் புளூபெரியும் பச்சையாக இருந்தன. இது தற்செயல் அல்ல. உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்பது அந்த உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதன் அடையாளமே தவிர நோயின் அடையாளம் அல்ல. ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் நோயெதிர்ப்பியல் அகடமி 2008ஆம் ஆண்டிலேயே, உணவு சார்ந்த உபாதைகளைக் கண்டறிய, ஐ.ஜி.ஜி.யின் ஓர் உபவகையான ஐ.ஜி.ஜி.4 பரிசோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க, கனேடிய ஒவ்வாமை அமைப்புகளும் அதே நிலைப்பாட்டை எடுத்தன. ஆனால் மச்சாள் அந்தத் தாளை நம்பி முட்டையையும் பாலையும் நிறுத்தினார். நிறுத்தச் சொன்னவர் அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கக்கூடிய மதிப்பெண் பூச்சியம். வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இதைச் செய்விப்பதை நினைத்தால் கோபமே வருகிறது.

என் ரி.ரி.ஜி. எல்லைக்குள் இருந்தது, மொத்த ஐ.ஜி.ஏ.யும் சரியாக இருந்தது. பெரும்பாலானோருக்கு அத்தோடு கதை முடிந்துவிடும். இரும்புச்சத்துக் குறைபாட்டுக்குக் காரணம் தெரியாததால் குடலியல் நிபுணரைப் பார்க்கும்படி குடும்ப வைத்தியர் சொன்னார். சனல் பண்ணுகிற, அதாவது இலக்கம் எடுத்து நிபுணரைப் பார்க்கிற, அனுபவத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குறித்த நேரம் ஒன்று, நிபுணர் வரும் நேரம் வேறொன்று, உள்ளே இருக்கும் நேரமோ சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் பழைய இரத்த அறிக்கைகளைத் திகதி வரிசையில் அடுக்கி, உண்கிற மருந்துகளின் பட்டியலை எழுதிக் கொண்டுபோவது நல்லது. அவர் என் இரைப்பை அமில மாத்திரையைப் பார்த்ததும், அதை எண்டோஸ்கோப்பிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொன்னார். இல்லாவிட்டால் இரைப்பைக் கிருமிக்கான பரிசோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டிவிடுமாம். பாணை நிறுத்தக் கூடாது, மாத்திரையை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் வரவேற்பு மேசையில் கொடுத்த அறிவுறுத்தல் தாளில் காணவில்லை.

எண்டோஸ்கோப்பி செய்த தனியார் வைத்தியசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் பாராட்டோடு குறையும் இருக்கிறது. சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழ் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில், தலைநகரில், கையெழுத்திடுபவர் படிக்க முடியாத படிவத்தில் கையெழுத்து வாங்குவதை எப்படிச் சம்மதம் என்று சொல்வது? எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஐயாவுக்கு அவருடைய பேத்தி தொலைபேசியில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அறைக்குள் கிடைத்த கவனிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு, இடப்பக்கமாகச் சரிந்து படுத்தல், தொண்டையை மரக்கச் செய்யும் கசப்பான தெளிப்பு, பற்களுக்கிடையில் ஒரு வளையம். குழாய் இறங்கும்போது ஓங்கரிப்பு வரத்தான் செய்கிறது; மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லித் தாதி தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து வேண்டுமா என்று முன்பே கேட்டார்கள், நான் வேண்டாம் என்றேன். அதனால் இழையத் துண்டுகளை எடுக்கும்போது தாதி "எக்க, தெக்க, துன, ஹத்தர" என்று சிங்களத்தில் எண்ணி, ஒவ்வொன்றையும் போமலின் குப்பிக்குள் விடுவதைக் கேட்க முடிந்தது. வலி சிறிதும் இல்லை.

அந்த எண்ணிக்கை முக்கியமில்லாத விடயமல்ல. சீலியாக் நோயில் குடல் முழுவதும் ஒரே சீராகச் சேதமடைவதில்லை, திட்டுத் திட்டாகவே சேதமடையும். ஆகவே முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டுகளும், அதற்கு முந்தைய குமிழ்ப் பகுதியிலிருந்து ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டி. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். ஒரேயொரு துண்டை எடுத்துவிட்டு "நோய் இல்லை" என்று சொல்லும் அறிக்கையை நம்ப முடியாது. எத்தனை எடுப்பீர்கள் என்று செய்வதற்கு முன்பே கேட்பதில் தவறில்லை. நான் கேட்டபோது நிபுணர் முகம் சுளிக்காமல் விளக்கினார். அரச வைத்தியசாலைகளிலும் எண்டோஸ்கோப்பி கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. காத்திருக்க முடிந்தவர்கள் கிளினிக் மூலம் அங்கே போகலாம்.

என் சிறுகுடல் சடைமுளைகள் நல்ல நிலையில் இருந்தன. குற்றவாளி சற்று மேலே, இரைப்பையில் அகப்பட்டான். அங்கிருந்து எடுத்த துண்டை வைத்த மஞ்சள் ஜெல், நான் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்பதற்குள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. ஹெலிகோபக்ரர் பைலோரி என்ற கிருமி. இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைத்து, மாத்திரைக்கு மசியாத குருதிச்சோகையை உண்டாக்கக்கூடியது. இரண்டு வார அன்ரிபயோட்டிக் சிகிச்சைக்குப் பின், உடலில் சேமிக்கப்பட்ட இரும்பைக் காட்டும் பெரிற்றின் அளவு மெதுவாக ஏறத் தொடங்கியது. கோதுமையைக் குற்றஞ்சாட்டிப் பாணை விட்டுவிட்டு வீட்டோடு இருந்திருந்தால் இந்தக் கிருமி இன்னும் அங்கேதான் குடியிருந்திருக்கும். குளூட்டன் பரிசோதனையை ஒரு வைத்தியரின் முழு விசாரணையின் ஒரு பகுதியாகச் செய்ய வேண்டும், கடையில் தனிப்பொருளாக வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பொருமல் மட்டும் போகவில்லை. நிபுணர் ஒரு போசணை ஆலோசகரிடம் அனுப்பினார். இந்த வழி முழுவதிலும் கொடுத்த பணத்துக்கு மேலாகக் கிடைத்தது என்றால் அது இவரிடம்தான். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை குளூட்டன் என்ற புரதமல்ல, கோதுமையில் உள்ள புறுக்ரான் என்ற மாச்சத்து என்று அவர் தொடங்கினார். 2018இல் வெளியான ஒஸ்லோ பல்கலைக்கழகத்தாரின் ஆய்வொன்றில், தாமாகவே குளூட்டனை நிறுத்தியிருந்த, சீலியாக் நோய் இல்லாத 59 பேருக்கு குளூட்டன் உள்ளது, புறுக்ரான் உள்ளது, இரண்டும் இல்லாதது என மூன்று வகைச் சிற்றுண்டித் துண்டுகளை எது எதுவென்று சொல்லாமல் ஒவ்வொன்றும் ஏழு நாள் வீதம் கொடுத்தபோது, அதிக உபாதை புறுக்ரானாலேயே வந்தது. குளூட்டனுக்கும் வெறுந்துண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புறுக்ரான் வெங்காயத்திலும் உள்ளியிலும் தாராளமாக உண்டு. ஆகவே அவர் எனக்கு வைத்த பரீட்சை எளிமையானது. முதலில் சிவப்பரிசி மா இடியப்பமும் சோறும், வெங்காயமும் உள்ளியும் இல்லாத கறிகளுமாக உண்டு வயிற்றை அமைதிப்படுத்த வேண்டும். அதன்பின் கோதுமையைத் தொடாமல், அதே அரிசி இடியப்பத்தோடு சீனிச் சம்பலை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனிச் சம்பல் வந்த அன்று மாலையே பொருமலும் வந்தது. கோதுமைத் துகளே இல்லாத சாப்பாட்டில், நம் வீட்டுச் சம்பலில் உள்ள வெங்காயம் வேலையைக் காட்டிவிட்டது.

இந்த வேறுபாட்டால் என் அன்றாடமே மாறியது. புறுக்ரானுக்கு அளவுதான் பிரச்சினை. பாண் இரண்டு துண்டு எனக்கு ஒன்றும் செய்வதில்லை, கொத்து ரொட்டி ஒரு தட்டு செய்கிறது. சீலியாக் நோயாளருக்கோ துணுக்கும் பிரச்சினை. அனைத்துலக உணவுத் தராதரமான கோடெக்ஸ், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன் உள்ள உணவையே குளூட்டனற்றது என்று சொல்ல அனுமதிக்கிறது. கொழும்பில் அந்த எல்லைக்குள் வாழ்வது எப்படி என்பதையும் ஆலோசகர் தன் ஏனைய நோயாளருக்காகத் தயாரித்த தாளொன்றில் காட்டினார். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலக்கப்படுவது வழக்கம். பிரைட் றைஸில் ஊற்றும் சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்ந்தது. கடைக் குரக்கன் ரொட்டியிலும் அப்ப மாவிலும் கோதுமை மா கலந்திருக்கலாம். கடை இடியப்பம் எந்த மாவில் பிழிந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. அரிசியே உண்ணும் நமக்கு இந்த நோய் எங்கே வரப்போகிறது என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று, கோதுமை மிகுதியாக உண்ணும் வட பகுதியில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென் பகுதியில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவாகவும் சீலியாக் நோயைக் கண்டது. ஆனால் காலையில் பாண், மாலையில் ரோல்ஸ், இரவில் பராட்டா என்று உண்ணும் கொழும்புக் குடும்பம் இன்று எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாருக்கு இந்தப் பரிசோதனை தேவை என்று கேட்பவர்களுக்கு நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைபாடு, நாட்பட்ட வயிற்றோட்டம், வயதுக்கேற்ப வளராத பிள்ளை, முதலாம் வகை நீரிழிவு, தைரொயிட்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஆகியவை இருந்தால் ரி.ரி.ஜி.யையும் மொத்த ஐ.ஜி.ஏ.யையும் எழுதித் தரும்படி குடும்ப வைத்தியரிடம் தயங்காமல் கேட்கலாம். குடும்பத்தில் ஒருவருக்குச் சீலியாக் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர் உபாதை இல்லாவிட்டாலும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கக்கூடும். எச்.எல்.ஏ. மரபணுப் பரிசோதனையை முதலிலேயே விற்க முயல்பவர்களிடம் அவசரப்பட வேண்டாம். டி.கியூ.2, டி.கியூ.8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் நோயை ஏறத்தாழ விலக்கிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அவை இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் ஒருபோதும் வருவதில்லை. ஏற்கெனவே கோதுமையை விட்டுவிட்டு, மீண்டும் உண்ண முடியாமல் இருப்பவருக்கே அது பெரிதும் உதவும்.

கடைசியாக, பயொப்சி (இழையத் துண்டுப் பரிசோதனை) அறிக்கை வரும் நாளுக்கும் நிபுணரைச் சந்திக்கும் நாளுக்கும் இடையில் பிசகு நேர்ந்தால் இரண்டாவது சனலிங் கட்டணம் வீணாகும். ஆகவே அறிக்கை தயாராகிவிட்டதா என்று ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே இலக்கம் எடுங்கள். அறிக்கையின் பிரதியை வைத்தியசாலைக் கோப்பில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரத்தப் பரிசோதனையைப் பின்னர் மீண்டும் செய்ய நேர்ந்தால், முதலில் செய்த அதே ஆய்வுகூடத்திலேயே செய்யுங்கள்.